பிள்ளையோடு மேடையேறும் பெற்றோருக்கு: இசை நாடகக் குழுவில் சேர்வதற்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைப் போன்ற தோட்டப்புற நகரங்களுக்கு நாடகம் புதியதன்று. தொழிலாளர்களைக் காலையில் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பலகைகளை அடுக்கி மேடை கட்டி, மாரியம்மன் திருவிழா இரவுகளில் காஸ் விளக்கின் வெளிச்சத்தில் விடிய விடிய நாடகம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நகரத்துத் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், குடியிருக்கிறார்கள். ரப்பர்ப் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் பல காலியாகிவிட்டன. ஆயினும் சனிக்கிழமை மாலையில் ஏதேனும் ஒரு மண்டபத்தில் ஆர்மோனியச் சத்தம் கேட்டால், மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

அப்படியொரு மண்டபத்துக்கு என் மகளை வாரம் இருமுறை கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஒருநாள் இயக்குநரிடமிருந்து அழைப்பு வந்தது: பெரியவர்களின் பாத்திரங்களுக்கு ஆள் போதவில்லை, நீங்களும் நடியுங்களேன் என்றார். அப்போது அவள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள்; நான் தோட்டத்து அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். மேடை அனுபவம் எனக்குச் சிறிதும் கிடையாது. அந்த அழைப்பு உங்களுக்கும் வரக்கூடும். வந்தால் எப்படிச் சேர்வது, எப்படிப் பழகுவது, எப்படி நிறைவாக முடிப்பது என்பதை நான் கற்ற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பிள்ளையின் சம்மதம்

இயக்குநருக்குச் சரி என்று சொல்வதற்கு முன்னால் பிள்ளையிடம் கேளுங்கள். மண்டபத்தில், பிறர் முன்னிலையில் கேட்கக் கூடாது. அங்கே எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது. வீட்டில், சாப்பிட்டு முடித்த பிறகு, “நானும் உங்கள் நாடகத்தில் நடித்தால் உனக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்டுவிட்டு, விடை சொல்ல இரண்டு மூன்று நாள் விடுங்கள். நாடகக் குழு என்பது பல பிள்ளைகளுக்கு வீடும் பள்ளியும் தொடாத ஓர் இடம். அங்கே அவர்கள் வேறு விதமாகச் சிரிக்கிறார்கள், வேறு விதமாகப் பேசுகிறார்கள். அந்த இடத்துக்குள் நாம் நுழையும்போது அதில் ஒரு பகுதி அவர்களிடமிருந்து போய்விடுகிறது என்பதை நாம் உணர்ந்தே கேட்க வேண்டும்.

பதின்ம வயதுப் பிள்ளை தயங்கினால் அந்தத் தயக்கத்தையே விடையாக எடுத்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் பின்னால் உடை தைப்பது, சாமான்களைப் பார்த்துக்கொள்வது, சாப்பாட்டுப் பொறுப்பு என்று குழுவுக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். என் மகள் உடனே சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். “அப்பா, வீட்டுக்கு வர்ற வழியில நாடகத்தப் பத்திப் பேசக்கூடாது” என்றாள். அந்த நிபந்தனையின் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தந்தையும் மக்களும் ஒரே கலையில் இருப்பது நம் நாடக மரபுக்கு அந்நியமானதன்று என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பிற்காலத்தில் புகழ்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களுடைய தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேடம் கட்டிய நாடக நடிகரே. எனினும் சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட அந்நாளைய பாய்ஸ் கம்பெனிகளில் பெரும்பாலான சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து, கடுமையான கட்டுப்பாட்டில் வளர்ந்தார்கள். இன்று பிள்ளையின் பக்கத்திலேயே நின்று நடிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது. அதை அக்கறையோடு பயன்படுத்த வேண்டும்.

இரண்டாம் படி: நாடகத்தையும் அதன் உரிமையையும் தெரிந்துகொள்ளுதல்

கதை என்ன, உங்களுக்கும் பிள்ளைக்கும் என்ன பாத்திரம், பாடல்கள் எங்கிருந்து வருகின்றன என்ற மூன்றையும் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் எழுதிய பாட்டுக்கு அவருடைய வாழ்நாளும் அவர் மறைந்த பிறகு 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. 1921-இல் மறைந்த பாரதியாரின் வரிகளையும் 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் வரிகளையும் தாராளமாகப் பாடலாம். ஆனால் அந்த வரிகளுக்குப் பிற்காலத்தில் ஒரு திரைப்பட இசையமைப்பாளர் போட்ட மெட்டுக்குத் தனி உரிமை உண்டு. திரைப்பாடலைக் கதையோடு இணைத்து நாடகமாக நடிப்பதும் விருந்து மேடையில் பாடுவதும் ஒன்றல்ல. நாடகத்தில் சேர்ப்பதற்குப் பொதுவாக உரிமையாளரிடமே நேரடியாக அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஆங்கில இசை நாடகம் ஒன்றைத் தமிழில் போட நினைக்கும் குழு, மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் போன்ற உரிம நிறுவனத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெற்ற பிறகே மொழிபெயர்ப்பைத் தொடங்க வேண்டும்.

எங்கள் குழு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1950-களில் பெரிய தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது வேலையும் வீடும் இழந்தவர்களின் கதையை நாங்களே எழுதிக்கொண்டோம். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து மலேசிய அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டு அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியதும் நாடகத்தின் இறுதிப் பகுதியாக அமைந்தன. மெட்டுகளுக்குத் தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு ஆகிய நாட்டார் வடிவங்களை எடுத்துக்கொண்டோம். தோட்டத்து நகரத்தில் இருக்கும் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. பாட்டிமார்களிடம் கேட்டுக் கேட்டுப் பாடலைச் சரிசெய்யும் வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தோம். அவர்கள் அதைப் பெரியவர்களைவிடக் கவனமாகச் செய்தார்கள்.

மூன்றாம் படி: நாட்கணக்கு

ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேர இசை நாடகத்துக்கு வாரம் இருமுறை, முறைக்கு இரண்டு மணி நேரம், பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டால் 48 மணி நேர ஒத்திகை வரும். கடைசி வாரம் தினமும் போக வேண்டியிருக்கும். அதிகாலையில் தோட்டத்துக் காட்டு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இரவு ஒத்திகை கடினம்; தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவருக்கு வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். இதை மறைக்காமல் முதல் நாளே சொல்லுங்கள். பிள்ளை வரும் எல்லா நாளும் நீங்கள் வர வேண்டியதில்லை. உங்கள் காட்சி இல்லாத நாளில் வீட்டில் இருப்பதே நல்லது. பிள்ளைக்கும் அது பிடிக்கும். பள்ளித் தேர்வுகள், தீபாவளி, தைப்பூசம், நோன்பு மாதத்தில் மண்டபம் கிடைக்கும் நேரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நான்காம் படி: குரலும் கட்டையும்

தந்தையும் பிள்ளையும் சேர்ந்து பாட வேண்டிய நாடகத்தில் மிகுதியாகக் குழப்பம் விளைவது இங்கேதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சுருதியின் உயரத்தை ஆர்மோனியக் கட்டைகளை எண்ணிச் சொல்வது வழக்கம்; எண் கூடக் கூடச் சுருதி உயரும். ஆண் குரலுக்குப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு கட்டை பொருந்தும். பெண்களுக்கும் குரல் உடையாத சிறுவர்களுக்கும் ஐந்து முதல் ஆறு கட்டை பொருந்தும். தாயும் பிள்ளையும் பாடுவதாக இருந்தால் இருவரும் ஒரே கட்டையில் நின்றுவிடலாம். தந்தையும் பிள்ளையும் என்றால் வழி தேட வேண்டும். நடுவில் மூன்று, நான்கு என்று எதையாவது வைத்தால், தந்தை மேலே எட்டாமல் கத்துவார், பிள்ளை கீழே இறங்க முடியாமல் முணுமுணுக்கும்.

எங்கள் ஆர்மோனியக் கலைஞர் இரண்டு வழிகளைச் சொல்லிக்கொடுத்தார். மெட்டு ஐந்து ஆறு சுரங்களுக்குள் அடங்குவதாக இருந்தால், ஒன்றரை அல்லது இரண்டு கட்டையில் சுருதி வைத்து, தந்தை தன் ஸ்தாயியிலும் (ஏழு சுரங்களின் அடுக்கு) பிள்ளை அதற்கு மேல் ஸ்தாயியிலும் சேர்ந்து பாடலாம். தாலாட்டும் கும்மியும் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கும். மெட்டு நீளமாக ஏறி இறங்குவதாக இருந்தால் சேர்ந்து பாடுவதை விட்டுவிட்டு, மாறி மாறிப் பாட வேண்டும். தந்தை ஒரு கட்டையில் பாடி, ‘ப’ என்னும் பஞ்சமத்தில் வந்து நிற்கிறார். அந்தப் பஞ்சமமே ஐந்து கட்டையின் ஷட்ஜமம், அதாவது தொடக்கச் சுரமான ‘ச’. பிள்ளை அந்தச் சுரத்தையே தன் ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு தொடர்கிறது. ஆர்மோனியப் பெட்டியில் அந்த ஒரு கட்டையை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தால், கேட்பவருக்குச் சுருதி மாறியதே தெரியாது. முதன்முறை இது சரியாக அமைந்தபோது என் மகள் பாடுவதை நிறுத்திவிட்டு, “அப்பா முடிச்ச எடத்துல நான் ஏறிட்டேன்” என்று சொன்னாள். இதைவிடச் சுருக்கமாக அந்த முறையை எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) உச்சக் குரலில் பாடி அரங்கத்தையே கட்டிப்போட்டதைப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையை மேலே மேலே பாடச் சொல்லாதீர்கள். தொண்டை கரகரத்தால் அன்று பாட்டு வேண்டாம். கிசுகிசுப்பதும் வேண்டாம், அதுவும் தொண்டையை வருத்தும். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் ஆண் பிள்ளைகளின் குரல் உடையும். ஒத்திகை தொடங்கும்போது பாடிய கட்டை மேடையேறும் நாளில் எட்டாமல் போகலாம் என்பதால், அந்த வயதுப் பையனுக்கு ஆர்மோனியக் கலைஞரிடம் சொல்லி இரண்டாவது கட்டை ஒன்றையும் பழகி வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: வசனமும் பாட்டும் மனத்தில் பதிவது

பாட்டை முதலில் பாடாதீர்கள். கையில் தாளம் போட்டுக்கொண்டு, வரிகளைப் பேச்சாகவே சொல்லிப் பழகுங்கள். சொல் தாளத்தில் எங்கே விழுகிறது என்பது பிடிபட்டுவிட்டால் மெட்டு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் நேர்மாறாக, கேட்டவுடனே மெட்டைப் பிடித்துவிட்டுச் சொல்லைப் பிறகு நிரப்புவார்கள். ஆகவே இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிப்பது, தொடக்கத்தில், இருவருக்குமே பயன்தராது. முதல் மூன்று வாரம் தனித்தனியாகப் படித்துவிட்டு அதன் பிறகு சேருங்கள்.

மலாய் வழியில் கற்பிக்கும் தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அவர்களுக்கு வசனத்தை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த எழுத்தில் லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிடும். ‘வலி’யும் ‘வழி’யும் குழம்பினால் பாட்டின் பொருளே மாறிவிடும் என்பதால், கைப்பேசியில் வசனத்தைப் பதிவுசெய்து கொடுப்பது நல்லது. ஆனால் அதை நீங்கள் பேசிக் கொடுக்காதீர்கள், இயக்குநரைப் பேசச் சொல்லுங்கள். உங்கள் குரலில் கேட்டால் பிள்ளை உங்கள் ஏற்ற இறக்கத்தையே நடிக்கும். எங்கள் வீட்டில் கற்பித்தல் பெரும்பாலும் எதிர்த்திசையில் நடந்தது: நான் எங்கே மறந்தேன் என்று பென்சிலால் குறித்துவைத்து, மறுநாள் காலை பள்ளிக்குப் புறப்படும் முன் அந்த வரியை மட்டும் கேட்பாள்.

ஆறாம் படி: ஒத்திகைக் கூடத்தில் நடந்துகொள்ளும் முறை

ஒத்திகை நேரத்தில் நீங்கள் பிள்ளையின் சக நடிகர். திருத்தம் சொல்லும் உரிமை இயக்குநருக்கு மட்டுமே உண்டு. இதை எல்லாப் பெற்றோரும் ஒப்புக்கொள்வார்கள், கடைப்பிடிப்பதுதான் கடினம்.

முதல் மாத ஒத்திகை ஒன்றில் என் மகள் நான்கு வரி வசனம் பேச வேண்டியிருந்தது. வீட்டில் பிழையில்லாமல் சொன்னவள் அங்கே இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். மறுபடியும் தொடங்கினாள், மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். ஓய்வுபெற்ற ஆசிரியையான எங்கள் இயக்குநர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். என் உதடுகள் அவளுடைய வசனத்தை ஓசையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன. நான் அறியவே இல்லை. அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். என் உதடு அவளைவிட ஒரு சொல் முந்திப் போனபோதெல்லாம் அவளுக்குத் தடுமாறியது. இயக்குநர் இரண்டு நாற்காலிகளை முதுகுக்கு முதுகாகப் போட்டு எங்களை உட்கார வைத்து, காட்சி முழுவதையும் பேசச் சொன்னார். ஒரு தடங்கலும் இல்லாமல் முடித்தாள். சேர்ந்து நடிக்கும் பெற்றோர் யாராக இருந்தாலும் இந்த நாற்காலிப் பயிற்சியை இரண்டாவது வாரத்திலேயே செய்துவிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளையை மேடையில் கடிந்துகொள்ளும் பாத்திரம் உங்களுக்குக் கிடைத்தால் கூடுதல் கவனம் தேவை. நான் தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணி, அவள், தாய்க்கு உதவியாகப் பால் எடுக்க வந்து, வாளியைத் தவறவிட்டுப் பாலைச் சிந்திவிடும் சிறுமி. நான் குரலை உயர்த்தித் திட்டிப் பாட வேண்டும். மூன்றாவது முறை பயிற்சி செய்தபோது அவள் கண்ணில் வந்த நீர் நடிப்பா உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளைப் பெற்றவனுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்? ஆகவே அவளே ஓர் அடையாளம் வகுத்தாள். வாளியின் இரும்புப் பிடியைத் தூக்கி விளிம்பில் ஒருமுறை தட்டினால் ‘நான் நன்றாக இருக்கிறேன், தொடருங்கள்’ என்று பொருள். தட்டவில்லை என்றால் நான் இரண்டு வரியைக் குறைத்துக்கொண்டு அடுத்த அடிக்குப் போய்விட வேண்டும். ஆர்மோனியக் கலைஞருக்கும் அது தெரியும். பார்வையாளருக்கு அது வாளிச் சத்தம் மட்டுமே. உங்கள் நாடகத்தில் வாளி இல்லாவிட்டாலும், கையில் இருக்கும் ஏதேனும் ஒரு பொருளைக் கொண்டு இப்படி ஓர் அடையாளத்தைப் பிள்ளையையே வகுக்கச் சொல்லுங்கள்.

மற்றப் பிள்ளைகளிடமும் பொறுப்பு உண்டு. உடை மாற்றும் அறைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் பிறர் பிள்ளையோடு தனித்து இருக்கக் கூடாது. படம் எடுத்துப் பகிர்வதற்கு முன் அந்தப் பிள்ளையின் வீட்டாரிடம் கேட்க வேண்டும். ஏதேனும் தவறாகப் பட்டால் தாலியான் காசே என்னும் அரசாங்க உதவித் தொலைபேசியை 15999 என்னும் எண்ணில் அழைக்கலாம் என்பதைப் பெரியவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: மண்டபம், மழை, மைக்

பொது மண்டபத்தில் நடத்துவதற்கு நகராண்மைக் கழகத்திலும் காவல் நிலையத்திலும் என்னென்ன அனுமதி தேவை என்பதைக் குழுத் தலைவர் இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அது தாள் வேலை, நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

மழைக்குத்தான் உண்மையான ஆயத்தம் தேவை. பேராக்கில் பருவமழை மாறும் காலங்களில் பிற்பகலிலும் முன்னிரவிலும் இடியோடு கொட்டும். தகரக் கூரை மண்டபத்தில் கனமழை பெய்தால் ஐந்தடி தூரத்தில் பாடுபவரின் குரல்கூடக் கேட்காது. மழை வலுக்கும்போது நிறுத்தி நிற்கக்கூடிய மூன்று இடங்களை நாடகத்தில் முன்கூட்டியே குறித்து வையுங்கள். அந்த இடங்களில் உறுமியோ தபேலாவோ தனியாக வாசித்து நேரத்தை நிரப்பலாம். திறந்த மேடையானால் மழை விட்டதும் ஈசல் வரும். மேடை விளக்குகளைச் சில நிமிடம் அணைத்துவிட்டு, தள்ளி ஓரிடத்தில் ஒரே ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் அவை அங்கே போய்விடும். வாயைத் திறந்து பாட வேண்டிய பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி.

சட்டையில் மாட்டும் மைக் எல்லோருக்கும் கிடைக்காது. நீங்களும் பிள்ளையும் ஒரே காட்சியில் இருந்தால் மைக்கைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் அருகில் நின்று பாடுங்கள். உங்கள் குரலும் அதிலேயே சேர்ந்துவிடும். புது பேட்டரியை நாடகத்தன்று நாடகம் தொடங்குவதற்கு முன் போடச் சொல்லுங்கள், ஒத்திகைக்குப் போட்ட பேட்டரி நடுவில் கைவிடும். எங்களுக்கு அது ஒருமுறை நடந்தது. அன்று பாட்டு முழுவதையும் மேடை விளிம்புக்கு வந்து நின்று பாடினோம்.

எட்டாம் படி: மேடையேறும் நாள்

மதியம் எண்ணெய் குறைந்த உணவு, மாலையில் இட்லியோ ரொட்டியோ, அதன் பிறகு வெந்நீர் மட்டும். வேர்வையில் ஒப்பனை கரைந்து கண்ணில் இறங்கும் என்பதால் பிள்ளையின் இடுப்பில் ஒரு பருத்தித் துணியைச் செருகிவிடுங்கள். அதன் பிறகு பிள்ளையைக் குழுவிடம் விட்டுவிடுங்கள். “வசனம் ஞாபகம் இருக்கா?” என்ற கேள்வியை அன்று கேட்கவே கூடாது, கேட்டவுடன் இருந்ததும் மறந்துவிடும். மேடையில் பிள்ளை வசனத்தை விட்டுவிட்டால், வசனம் எடுத்துக் கொடுக்க ஒருவர் ஓரத்தில் இருக்கிறார், அவருடைய வேலையை அவர் செய்வார். நீங்கள் உங்கள் பாத்திரமாகவே காத்திருங்கள். அன்றிரவு வாளிப் பிடி தட்டும் சத்தத்துக்காக நான் காத்திருந்த அந்த ஓரிரு நொடிகளில் மண்டபமே எனக்குக் கேட்கவில்லை. பிறகு அது கேட்டது.

அதற்குப் பிறகு

உடைகளைத் துவைத்து, இரவல் வாங்கிய பொருள்களை ஒரு வாரத்துக்குள் உரியவரிடம் பிள்ளையின் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். ஒளிப்பதிவைச் சில நாள் பார்க்க வேண்டாம். பார்க்கும்போதும் பிழைகளை நீங்கள் சுட்டாதீர்கள். நாடகம் முடிந்த வாரத்தில் பிள்ளைகள் சோர்ந்திருப்பார்கள், காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். அது தானாகத் தணியும்.

அடுத்த நாடகம் வரும்போது சென்ற முறை சேர்ந்து நடித்தோம் என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல் முதல் படியிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள். நான் கேட்டபோது என் மகள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, இந்த முறை தனியாக நடிக்க விரும்புவதாகச் சொன்னாள். அந்த நாடகத்தில் நான் திரைச்சீலை இழுத்தேன். கயிற்றுக்கு அருகில் நின்றபடி பார்த்தால் மேடையின் வலப்பக்கம் முழுவதும் நன்றாகத் தெரியும்.